பாதி எடை நூலுக்கு எத்தனை கண்ணி?

ஒரு வயதுக் குழந்தைக்கு ஸ்வெட்டர். பின்னல் குறிப்பில் மார்புச் சுற்று 20 அங்குலம், 100 கண்ணி என்று இருக்கிறது. குறிப்பை எழுதியவர் கையில் இருந்தது தடித்த உல்லன் நூல். 100 கிராம் பந்தில் 200 மீட்டர் வரும். நம் கையில் இருப்பது மெல்லிய நூல். அதே 100 கிராமில் 400 மீட்டர் இருக்கிறது. ஒரு மீட்டரை நிறுத்தால் அவருடையதில் சரிபாதி எடைதான். இந்த நூலுக்குத் தோதான மெல்லிய ஊசியை எடுத்து, குறிப்பில் உள்ளபடியே 100 கண்ணி போட்டுப் பின்னினால், கிடைக்கும் சட்டையின் சுற்றளவு 14 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும். பொம்மைக்குத்தான் ஆகும். “மதினி, நீங்களே எண்ணிப் பாருங்க, சரியா நூறு கண்ணி இருக்கு” என்று பின்னியவர் சொன்னால் அதில் பொய் இல்லை. கண்ணியின் எண்ணிக்கை சரியாக இருந்தும் சட்டை தப்பாகிவிட்டது.

நூலின் எடை பாதி என்றால் கண்ணியை இரட்டிக்க வேண்டியதுதானே என்று தோன்றும். 200 கண்ணி போட்டுப் பார்த்தால் சுற்றளவு 28 அங்குலத்துக்கும் மேலே போய், ஒன்பது பத்து வயது அண்ணன் போட்டுக்கொள்ளும் சட்டையாகிவிடும். போடவேண்டிய கண்ணி 140. நூற்றுக்கும் இருநூற்றுக்கும் நடுவில் இருக்கும் 150கூட இல்லை. இந்த 140 எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. அதே கணக்கு சங்கரன்கோவில் தறியிலும் பத்தமடைப் பாயிலும் இருக்கிறது என்பதால், ஸ்வெட்டர் பின்னாதவர்களும் கூட வரலாம்.

நூலை மாற்றவேண்டிய தேவை தென்காசிப் பக்கத்தில் உண்மையாகவே இருக்கிறது. புத்தகங்களில் வரும் பின்னல் குறிப்புகளில் பெரும்பாலானவை பனி விழும் நாடுகளில் எழுதப்பட்டவை. தடித்த நூல், கனத்த சட்டை. குற்றாலத்தில் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் உடம்பைச் சிலிர்க்க வைக்கும்தான். ஆனால் இது பனியூர் இல்லை. ஐந்தருவிப் பக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குக் காற்றைத் தடுக்க ஒரு மெல்லிய சட்டை போதும். ஐரோப்பியக் குளிருக்கான தடித்த ஸ்வெட்டரை மாட்டினால் சாரல் நின்று வெயில் எட்டிப் பார்த்த பத்தாம் நிமிடம் பிள்ளைக்கு வியர்த்துவிடும். எனவே வடிவம் அவர்களுடையதாக இருந்தாலும் நூல் நம் காற்றுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள வாசலில் போடும் புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 15 புள்ளிக் கோலம் எவ்வளவு பெரியது என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது. புள்ளிக்கும் புள்ளிக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று தெரிந்தால்தான் சொல்லலாம். குறிப்பில் இருக்கும் 100 கண்ணி, கோலத்தின் புள்ளி எண்ணிக்கை மாதிரி. அது தனியாக எந்த அளவையும் தருவதில்லை. இடைவெளி இரண்டாவது எண். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை நாம் கவனிப்பதில்லை: விரலிடுக்கிலிருந்து விழும் மாக்கோட்டின் பருமன். இடைவெளியைக் குறுக்கிவிட்டு அதே தடித்த கோட்டை இழுத்தால் வளைவுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். இடைவெளியை அகட்டிவிட்டு மயிரிழைக் கோடு போட்டால் கோலம் வெறிச்சென்று கிடக்கும். நல்ல கோலத்தில் இடைவெளியும் கோட்டின் பருமனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. பின்னலிலும் அந்த ஒத்துப்போதலைத்தான் காப்பாற்ற வேண்டும். எண்ணிக்கை அதன்படி மாறிக்கொள்ளும்.

இப்போது பின்னலுக்குள் போவோம். நெய்த துணியில் நூல்கள் நேராக ஓடிக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று கடக்கின்றன. பின்னலில் நேராக ஓடும் நூலே கிடையாது. ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகி, ஒவ்வொரு கண்ணியும் கீழ் வரிசைக் கண்ணியின் வயிற்றுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. அதனால் பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஒரு கண்ணிக்குச் செலவாகும் நூலின் நீளத்துக்குக் கண்ணி நீளம் என்று பெயர் வைப்போம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் லூப் லெங்த் என்பார்கள். ஒரு அங்குலத்தில் எத்தனை கண்ணி அமைகிறது என்பது கண்ணிச் செறிவு.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவை டி. எல். மண்டன் என்ற ஆய்வாளர் 1959-இல் தெளிவாக்கினார். இங்கிலாந்தின் டெக்ஸ்டைல் இன்ஸ்டிட்யூட் இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை இன்றும் பின்னலாடைப் படிப்பின் அடிப்படை. சாதாரணப் பின்னல் துணிகளை இழுவிசை ஏதுமின்றித் தளர்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, அகலத்திலும் உயரத்திலும் கண்ணிகளை எண்ணி, ஒரு கண்ணிக்கு ஆன நூலின் நீளத்தோடு ஒப்பிட்டால் என்ன தெரிகிறது? செறிவு கண்ணி நீளத்துக்கு நேர் எதிராக மாறுகிறது. கண்ணி நீளம் பாதியானால் அங்குலத்துக்கு இரண்டு மடங்கு கண்ணி. நூலின் பருமனுக்கு இதில் நேரடிப் பங்கு மிகக் குறைவு. இன்னொன்றும் தெரிந்தது: கண்ணி சதுரமானது அல்ல. அகலத்தில் 10 கண்ணி பிடிக்கும் இடத்தில், உயரத்தில் ஏறக்குறைய 13 வரிசை வருகிறது. நூல் தடித்தாலும் மெலிந்தாலும் இந்த விகிதம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது.

செறிவைத் தீர்மானிப்பது கண்ணி நீளம், கண்ணி நீளத்தைத் தீர்மானிப்பது ஊசி என்றால், நூலின் பருமனுக்கு என்ன வேலை? தடித்த நூலுக்குக் குறிப்பில் சொன்ன 7 நம்பர் ஊசியையே வைத்துக்கொண்டு மெல்லிய நூலில் பின்னிப் பாருங்கள். 100 கண்ணியில் 20 அங்குலத்துக்குப் பக்கமாகவே வந்துவிடும். ஆனால் கிடைப்பது சட்டையாக இராது, வலையாக இருக்கும். விரல் நுழையும், காற்றும் நுழையும், ஒருமுறை துவைத்ததும் தொங்கிப்போகும். அளவு தப்பவில்லை, துணிதான் துணியாக இல்லை. நூலின் பருமன் செறிவைக் கட்டளையிடுவதில்லை. எந்தக் கண்ணி நீளத்தில் நல்ல துணி கிடைக்கும் என்பதை அது சொல்கிறது. பின்னல் ஆய்வாளர்கள் இந்தப் பொருத்தத்தை ஒரே எண்ணாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் தமிழில் இறுக்கக் காரணி என்று சொல்லலாம். நூலின் பருமனைக் கண்ணி நீளத்தோடு ஒப்பிடும் எண் அது. அந்த எண் மாறாமல் இருந்தால் இரண்டு துணிகளும் ஒரே சுபாவத்தோடு இருக்கும். ஆகவே நூலின் பருமன் எவ்வளவு குறைகிறதோ, கண்ணி நீளத்தையும் அதே அளவு குறைக்கவேண்டும்.

இங்கேதான் அந்த 140 ஒளிந்திருக்கிறது. எடை பாதியான நூலின் பருமன் பாதியாவதில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பென்சிலில் மெல்லிய நூலை இழுக்காமல், இடைவெளி விடாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள். ஒரு அங்குலத்துக்கு 14 சுற்று வருகிறது என்று வைப்போம். இப்போது அதே நூலில் நான்கு இழைகளை ஒன்றாகச் சேர்த்து லேசாக முறுக்குங்கள். எடை நான்கு மடங்கு. ஆனால் நான்கு இழைகளும் ஒரே வரிசையில் படுத்துக்கொள்ளாமல், கீழே இரண்டு மேலே இரண்டு என்று அடுக்கிக்கொள்கின்றன. பருமன் இரண்டு மடங்குதான் ஆகிறது. சுற்றினால் அங்குலத்துக்கு 7 வரும். எடை ஒன்பது மடங்கானால் மூன்று மூன்றாக மூன்று அடுக்கு, பருமன் மூன்று மடங்கு. நூலின் எடை அதன் வெட்டுப் பரப்பைப் பொறுத்தது, பரப்பு பருமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. திருப்பிச் சொன்னால், பருமன் எடையின் வர்க்கமூலமாக மாறுகிறது. எடை இரண்டு மடங்கானால் பருமன் 2-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 1.4 மடங்கு. இரண்டு இழை சேர்த்துச் சுற்றினால் அங்குலத்துக்கு 10 சுற்று வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இனி எல்லாம் தானாக விழும். குறிப்பின் தடித்த நூலில் அங்குலத்துக்கு 5 கண்ணி. மெல்லிய நூலின் பருமன் அதை 1.4-ஆல் வகுத்த அளவுதான். எனவே அங்குலத்துக்கு 7 கண்ணி. 20 அங்குலத்துக்கு 140. ஊசியும் அதே விகிதத்தில் மெலியவேண்டும்: 7 நம்பர் ஊசி 4.5 மில்லிமீட்டர், அதை 1.4-ஆல் வகுத்தால் 3.2. கடையில் 10 நம்பர் கேட்டால் 3.25 மில்லிமீட்டர் ஊசி தருவார்கள். நம்பர் ஏறினால் ஊசி மெலியும் என்ற பழைய பிரிட்டிஷ் எண்முறை நம் ஊசிகளில் இன்னமும் புழங்குகிறது. உள்ளே நடப்பதையும் பார்த்துவிடலாம். தடித்த நூலில் ஒரு கண்ணிக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நூல் போகிறது, மெல்லியதில் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு.

நெசவாளர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. சங்கரன்கோவில், கடையநல்லூர், வீரவநல்லூர் வட்டாரங்களில் தறி தெரிந்த எவரிடமும் 40-ஆம் நம்பர் நூலுக்குப் போடும் அச்சில் 80-ஆம் நம்பர் நூலைக் கோக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். துணி சல்லடையாகப் போய்விடும் என்பார். பருத்தி நூலின் நம்பர், ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் என்பதைக் குறிக்கிறது. ஒரு சிட்டம் 840 கெஜம். 40-ஆம் நம்பரில் ஒரு பவுண்டுக்கு 33,600 கெஜம் நூல், 80-ஆம் நம்பரில் 67,200 கெஜம். நம்பர் இரண்டு மடங்கானால் எடை பாதி. அச்சு என்பது பாவு நூல்களை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களை, ஒழுங்கான இடைவெளியில் பிரித்துப் பிடிக்கும் சீப்பு. கோலத்தில் புள்ளி வைப்பதுபோல, ஒவ்வொரு பாவு நூலுக்கும் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது அதுதான். 40-ஆம் நம்பர் நூலில் அங்குலத்துக்கு 64 இழை வைத்து ஒரு துணி நெய்திருந்தால், அதே நெருக்கம் 80-ஆம் நம்பரில் வர எத்தனை இழை வேண்டும்? 128 இழை போட்டால் நூல்கள் நெருக்கியடித்துக்கொண்டு அறுந்து தள்ளும். 64-ஐ 1.4-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 90 இழைதான் சரி. 46 அங்குல அகலத்துக்குப் பாவில் 2,944 இழை இருந்த இடத்தில் 4,140-ஐத் தாண்டும். அத்தனை இழைகளையும் ஒன்று விடாமல், பாவைத் தூக்கி இறக்கும் விழுதிலும் அச்சிலும் கோக்கவேண்டும். மெல்லிய சேலைக்குக் கூலி ஏன் கூடவேண்டும் என்பதற்கு இதற்கு மேல் நியாயம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இந்த வர்க்கமூல உறவை 1884-லேயே இங்கிலாந்தில் ஆஷன்ஹர்ஸ்ட் தம் நெசவுக் கணக்குப் புத்தகத்தில் விதியாக எழுதிவைத்தார். மான்செஸ்டரில் இருந்த ஷர்லி இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த பியர்ஸ் 1937-இல் துணியின் வடிவகணிதம் பற்றி எழுதிய கட்டுரை அதை அறிவியலாக்கியது. அவர் பயன்படுத்திய வாய்பாட்டின்படி 40-ஆம் நம்பர் பருத்தி நூலின் விட்டம் ஒரு அங்குலத்தில் 177-இல் ஒரு பங்கு, 80-ஆம் நம்பருடையது 250-இல் ஒரு பங்கு. 250-ஐ 177-ஆல் வகுத்தால் மறுபடியும் அதே 1.4. பரப்பில் எவ்வளவை நூல் மூடியிருக்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு மறைப்புக் காரணி என்று பெயர். பின்னலில் இறுக்கக் காரணி செய்யும் வேலையை நெசவில் இது செய்கிறது.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் கைப்பின்னலில் அதை மட்டும் நம்பி 140 கண்ணி போட்டுவிடக் கூடாது. முதல் காரணம், உல்லன் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் கம்பளியே இல்லை. நம் ஊர்க் கடைகளில் கண்ணாடி அலமாரியில் வண்ண வண்ணமாக அடுக்கியிருக்கும் பந்துகளில் மிகப் பல அக்ரிலிக் இழையாலானவை. அக்ரிலிக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.17 கிராம், ஆட்டுக் கம்பளியுடையது 1.31, பருத்தியுடையது 1.54. ஒரே நீளம், ஒரே எடை உள்ள மூன்று நூல்களை எடுத்தால் அக்ரிலிக் பருத்தும் பருத்தி மெலிந்தும் இருக்கும். எனவே கம்பளியில் எழுதிய குறிப்பைப் பருத்தி நூலுக்கு மாற்றும்போது எடையும் நீளமும் பொருந்தினாலும் துணி கொஞ்சம் தளர்வாக வரும். முறுக்கு வேறு இருக்கிறது. லூசாக முறுக்கிய நூலுக்குள் காற்று அதிகம், அது பஞ்சுபோல் உப்பும். இறுக்கி முறுக்கியது ஒடுங்கும். முறுக்கின் அளவைப் பெரும்பாலும் சீட்டில் அச்சடிப்பதில்லை. பின்னுகிறவரின் கையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அக்காவும் தங்கையும் ஒரே பந்தில், ஒரே ஊசியில் பின்னினாலும் கண்ணி நீளம் வேறுபடும்.

அதனால்தான் மாதிரித் துண்டு. ஆறு அங்குலச் சதுரம் ஒன்றைப் பின்னி, நடுவில் நான்கு அங்குலத்தை மட்டும் அளக்கவேண்டும். ஓரக் கண்ணிகள் எப்போதும் கோணிக்கொண்டிருக்கும், அவற்றை நம்பக் கூடாது. ஒரு அங்குலத்தை அளந்து பெருக்குவதும் ஆபத்து. அங்குலத்துக்கு அரைக் கண்ணி தப்பாக எண்ணினால் 20 அங்குலத்தில் 10 கண்ணி, ஏறக்குறைய ஒன்றரை அங்குலம், ஓடிப்போகும். நான்கு அங்குலத்தில் அதே அரைக் கண்ணி தப்பினால் பிழை கால் பங்காகிவிடும்.

அளக்கும் முன் துண்டைத் துவைத்துக் காயவைக்கவேண்டும் என்பதைப் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். பின்னும்போது நூலை இழுத்துப் பிடிக்கிறோம், வளைக்கிறோம். இழை அந்த இழுவையை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். நனைந்ததும் அது தளர்ந்து, கண்ணி தனக்குச் சௌகரியமான வடிவத்துக்குப் போய்விடும். மண்டன் தம் துணிகளைத் தளரவிட்டு அளந்ததும் இதற்காகத்தான். இழுத்த நிலையில் அளந்திருந்தால் செறிவுக்கும் கண்ணி நீளத்துக்கும் உள்ள ஒழுங்கு கண்ணில் பட்டிருக்காது. குற்றாலத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். சாரல் நாட்களில் காற்றே ஈரம். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, கைக்கு ஈரமாகத் தெரியாமலே, உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; அதனால் இழை பருக்கும். அக்ரிலிக் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்பதில்லை. கம்பளி மாதிரித் துண்டை ஆடிச் சாரலில் அரையும் குறையுமாகக் காய்ந்த நிலையில் அளந்துவிட்டுப் பங்குனி வெயிலில் சட்டையை அளந்தால் இரண்டும் ஒத்துவராது. மின்விசிறிக்கு அடியில் ஒரு ராத்திரி விரித்துப் போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு அளப்பது நல்லது. கம்பிக்கொடியில் தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டுவிடும்.

செறிவு கிடைத்த பிறகு பூவேலை. குறிப்பில் 10 கண்ணிக்கு ஒரு பூ, 100 கண்ணிக்குப் பத்துப் பூ என்றிருந்தால் 140-இல் 14 பூ சரியாக அமர்ந்துவிடும். 12 கண்ணிப் பூவாக இருந்தால் 140 வகுபடாது. 144-க்கு ஏறலாம், 132-க்கு இறங்கலாம். அங்குலத்துக்கு 7 கண்ணியில் 144 என்றால் சட்டை அரை அங்குலத்துக்கு மேல் அகலும். வளரும் குழந்தை என்பதால் நான் எப்போதும் ஏறும் பக்கமே போவேன். பூவின் வடிவம் கோணாது, ஏனென்றால் கண்ணியின் அகல உயர விகிதம் நூல் மாறினாலும் பெரிதாக மாறுவதில்லை என்று பார்த்தோம். ஆனால் பூ சிறுத்துவிடும்: தடித்த நூலில் இரண்டு அங்குலம் இருந்த யானை, மெல்லியதில் ஒன்றரைக்கும் கீழே போய்விடும். யானையை அதே அளவில் வைக்கவேண்டுமானால் கட்டத்தாளில் புதிதாக வரையவேண்டும். கட்டங்கள் சதுரமாக இல்லாமல், உயரத்தைவிட அகலம் கூடியவையாக இருக்கவேண்டும். சாதாரணச் சதுரக் கட்டத்தாளில் வரைந்த யானை பின்னலில் குட்டையாக நசுங்கி நிற்பது இந்த 10-க்கு 13 விகிதத்தால்தான்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லித்தரும் ஒரு வழி இருக்கிறது. நல்ல குறிப்புகளில் பல அளவுகள் தந்திருப்பார்கள். 140 கண்ணி எந்த அளவுக்குப் போட்டிருக்கிறது என்று தேடுங்கள். 28 அங்குல மார்புக்கு இருக்கும். அந்த அளவின் கண்ணி எண்ணிக்கைகளை எடுத்துக்கொண்டு, நீளத்தை மட்டும் நம் குழந்தையின் அளவுக்கு அங்குலத்தில் பின்னவேண்டும். கைக்குழி, கழுத்து இரண்டையும் மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவேண்டும். பெரிய பிள்ளையின் கழுத்து, குழந்தையின் கழுத்தைப்போல் அவ்வளவு பெரிய பங்காக இராது. கைக்குழந்தைக்குத் தலைதான் பெரிது. கழுத்து வழியாகத் தலை நுழையாத ஸ்வெட்டரைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மெல்லிய நூலால் துணி மென்மையாவது ஏன் என்பதைப் பத்தமடையில் பார்க்கலாம். தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும் பாதையில் சேரன்மாதேவிக்கு அடுத்தாற்போல் இருக்கிறது அந்த ஊர். தாமிரபரணி ஓரத்துக் கோரையைக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, கத்தியால் நீளவாக்கில் கீறி இழையாக்குகிறார்கள். பாவு பருத்தி நூல். புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பாயில் சாதாரண ரகமும் உண்டு, 100-க்கு மேற்பட்ட கவுண்ட் என்று சொல்லும் நயம் ரகமும் உண்டு. சாதாரணப் பாயைச் சுருட்டத்தான் முடியும், மடித்தால் கோரை முறிந்துவிடும். நயம் பாயைப் பட்டுச்சேலை மாதிரி மடித்து வைக்கலாம். செடி ஒன்றுதான், முடைகிற விதமும் ஒன்றுதான். வித்தியாசம் கோரையை எவ்வளவு மெல்லிதாகக் கீறினார்கள் என்பதில் இருக்கிறது.

திடமான ஒரு குச்சியை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது அதன் பருமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. பருமன் பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காக விழுந்துவிடும். அதே இடத்தை மூட இரண்டு மடங்கு இழை வேண்டியிருந்தாலும், மொத்தத்தில் பாயின் விறைப்பு எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். கோரையை இன்னும் ஒருமுறை கீறும் கத்திக்குப் பின்னால் இத்தனை இயற்பியல் இருக்கிறது. உல்லன் நூல் திடமான குச்சி இல்லை. நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் கொடுக்கும். அதனால் அதன் விறைப்பு அவ்வளவு வேகமாக விழாது. விழும் திசை மட்டும் அதேதான். பாதி எடை நூலில் பின்னிய சட்டை மெலிந்திருக்கும், உடம்போடு குழைந்து விழும், கொஞ்சம் குளிர் விடும். சாரலுக்கு நாம் தேடியதும் அதுவே. பனியன் துணியும் இப்படித்தான் நடந்துகொள்கிறது: திருப்பூரில் 30-ஆம் நம்பர் நூலில் சதுர மீட்டருக்கு 150 கிராம் வாக்கில் வரும் துணி, 40-ஆம் நம்பரில் 130-க்குக் கிட்டே இறங்கிவிடும்.

கடைசியாக, எத்தனை பந்து வாங்குவது? சட்டையின் பரப்பு மாறவில்லை. அகலத்தில் 1.4 மடங்கு கண்ணி, உயரத்தில் 1.4 மடங்கு வரிசை. மொத்தக் கண்ணி இரண்டு மடங்கு. ஒவ்வொரு கண்ணிக்கும் ஆகும் நூல், பழையதை 1.4-ஆல் வகுத்த அளவு. ஆகவே மொத்த நூலின் நீளம் 1.4 மடங்கு. குறிப்பில் 240 மீட்டர் என்றிருந்தால் நமக்கு 336 மீட்டர். எடையில் பார்த்தால் 120 கிராமுக்குப் பதில் 84 கிராம். நீளம் கூடி எடை குறைவதைப் பார்த்துக் கடையில் பலரும் குழம்புவார்கள். எப்போதும் மீட்டரைப் பார்த்தே வாங்குங்கள். மாதிரித் துண்டுக்கும் சேர்த்து ஒரு 100 கிராம் பந்து போதும். இன்னொரு பந்தும் தேவைப்பட்டால் முதல் நாளிலேயே, சீட்டில் ஒரே லாட் நம்பராகப் பார்த்துச் சேர்த்து வாங்கிவிடவேண்டும். அடுத்த வாரம் வாங்கும் சிவப்பு இந்த வாரச் சிவப்போடு சேராது. நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த நூலில் சுமார் 12,000 கண்ணியில் முடிந்த சட்டைக்கு மெல்லியதில் 24,000 கண்ணி விழவேண்டும். ஆனி பிறந்து முதல் சாரல் அடிக்கும்போது குழந்தைக்குப் போட்டுவிட நினைத்தால் பங்குனியிலேயே ஊசியைக் கையில் எடுத்துவிடவேண்டும்.